ஓஸி ஆஸ்பர்னுக்கு நெல்லையில் ஒரு அஞ்சலி: யாரெல்லாம் வருவீர்கள், என்ன பாட்டுப் போடலாம்?

முருகன்குறிச்சி_கிட்டார்

2025 ஜூலை 22 ராத்திரி படுக்கப் போகிற நேரத்தில் செய்தி வந்தது. பிளாக் சப்பாத் என்கிற ராக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் காலமாகிவிட்டார், வயது 76. வீட்டில் சொன்னால் அது யார் என்பார்கள், ஆபீசில் சொன்னால் வௌவாலைக் கடித்த ஆளா என்பார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். (பெயரை வைத்து ஓசி ஜோக் எதுவும் வேண்டாம், என் தம்பி எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டான்.)

ஜூலை 5ஆம் தேதி பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த கடைசிக் கச்சேரியைக் காசு கட்டி நேரலையில் பார்த்தவன் நான். நமக்கு அது விடியற்காலை வரை இழுத்தது. மெட்டாலிகா, கன்ஸ் அன் ரோசஸ், ஸ்லேயர், டூல் என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வந்து இவருக்காக வாசித்துவிட்டுப் போன பிறகு, கறுப்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி வந்தார். பார்கின்சன் நோய், நிற்க முடியாது. எழுந்துவிடலாம் என்று பார்க்கிறார், உடம்பு ஒத்துழைக்கவில்லை, அதற்குப் பதிலாகக் கண்ணை உருட்டி முழித்து, கையைத் தட்டி, கூட்டத்தைக் கத்து கத்து என்று அதட்டுகிறார். அப்புறம் டோனி ஐயோமி (கிட்டார்), கீசர் பட்லர் (பேஸ் கிட்டார்), பில் வார்ட் (டிரம்ஸ்) மூன்று பேரும் சேர, பிளாக் சப்பாத்தின் பழைய நால்வரும் ஒன்றாக நான்கு பாட்டு. அவர்கள் நால்வரும் கடைசியாக ஒரே மேடையில் நின்றது 2005இல். வில்லா பார்க் முடிந்து பதினேழாம் நாள் ஆள் போய்விட்டார்.

எனக்குச் சொந்த ஊரே பாளையங்கோட்டைதான். கிட்டார் கற்றது சர்ச் வாலிபர் கூட்டத்தில், இப்போதும் ஞாயிறு ஆராதனைக்கு நான்தான் வாசிக்கிறேன். அதனால் என் சிக்கல் வேறு மாதிரி. அம்மாவைப் பொறுத்தவரை இது சாத்தான் பாட்டு, "அந்த ஆள் செத்ததுக்கு நீ எதுக்குல மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" என்று கேட்டுவிட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இருபது வருடமாகக் காதில் கேட்ட குரல் என்று சொன்னால் புரியுமா?

வருகிற ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சின்ன கூட்டம் வைக்கலாம் என்று யோசனை. பத்துப் பதினைந்து பேர் உட்காரலாம். நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது. பாதிப் பேர் என் சித்தி பெரியம்மா பிள்ளைகளும் பாடகர் குழுப் பையன்களும், ஒரு ராக் பாட்டுகூட முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு எந்தப் பாட்டிலிருந்து ஆரம்பிப்பது? இந்தப் பக்கத்தில் இந்தப் பாட்டெல்லாம் கேட்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா, இல்லை நான் மட்டும்தானா?

டவுண்_தவில்வீடு

தம்பி, நீங்கள் மட்டும் இல்லை, நானும் வருகிறேன். எங்களுடையது தவில் வீடு. அப்பா, பெரியப்பா எல்லாரும் கோயில் கச்சேரிக்காரர்கள், நானும் வாசிக்கிறேன். உனக்கும் இதற்கும் என்னடா சம்பந்தம் என்று எங்கள் செட்டிலேயே கேட்பார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

ஓஸிக்கு அஞ்சலி என்றால் அதில் பாதி டோனி ஐயோமியின் விரலுக்குச் சேர வேண்டும் (அவர் நன்றாக இருக்கிறார், நூறு வயது இருக்கட்டும்). பதினேழு வயதில் தகரப் பட்டறை மாதிரி ஒரு தொழிற்சாலையில் வேலை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கிட்டாரோடு போய்விடலாம் என்று முடிவு செய்து, கடைசி நாள் வேலைக்குப் போகிறார். அன்றைக்குப் பார்த்து மெஷினில் வலது கை மாட்டி, நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடது கைக்காரர், அதனால் கம்பியை அழுத்துகிற கை வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள் டாக்டர்கள். அந்தத் தொழிற்சாலை மேலாளர் ஒரு நல்ல மனிதர் போலிருக்கிறது, ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார்க்காரரின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொல்லியிருக்கிறார். தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகு அந்த வாசிப்பு வாசித்த மகான் ஜாங்கோ.

அப்புறம் ஐயோமி என்ன செய்தார் தெரியுமா, பாத்திரம் கழுவுகிற திரவம் வருமே, அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டி, சூடான இரும்பால் குடைந்து, விரல் நுழைகிற பதத்துக்குக் கொண்டுவந்து, தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்து, அதன் மேல் பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டினார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கும், தோல் இருந்தால் பிடிக்கும்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் வலது கை விரல்களில் கூடு போட்டுத்தானே வாசிக்கிறோம்? துணிப்பட்டையைப் பசையில் தோய்த்து விரல் அளவுக்குச் சுற்றிச் சுற்றிக் காயவைப்போம். ஒருவன் கூடு இன்னொருவனுக்குச் சேராது. கொஞ்சம் தளர்ந்தால் நாதம் போச்சு, கொஞ்சம் இறுகினால் பல்லவி முடிவதற்குள் விரல் மரத்துவிடும். கூடு போட்ட விரலுக்குத் தொடு உணர்ச்சி கிடையாது, எங்கே படுகிறது, எவ்வளவு பலமாகப் படுகிறது என்பதைக் காதுதான் விரலுக்குச் சொல்ல வேண்டும். பர்மிங்காமில் ஒரு பையன், சொல்லிக்கொடுக்க யாருமில்லாமல், தானே உட்கார்ந்து இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான்.

கம்பி கடினமாக இருந்தால் அந்த விரலால் வளைக்க முடியவில்லை என்று பாஞ்சோ என்கிற வாத்தியத்தின் மெல்லிய கம்பியை வாங்கிப் போட்டார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சுருதியையே இறக்கிவிட்டார். நம் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு. கம்பி தளர்ந்தது, சத்தம் கனத்துவிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்க மெட்டல் என்கிற கனமான ராக் வாசிக்கிற பையன்கள் முதல் வேலையாகச் சுருதியை இறக்குகிறார்களே, அதற்கு மூலம் இந்த இரண்டு விரல்தான். அவ்வளவு கனமான சத்தத்துக்கு மேலே ஏறி நிற்கிற மாதிரி ஒரு குரல் வேண்டும், அது ஓஸியிடம் இருந்தது. பெரிய வித்வான் குரல் இல்லை, பிர்கா கிர்கா எதுவும் கிடையாது, கிட்டார் போகிற வழியிலேயே பல இடத்தில் அவரும் பாடிக்கொண்டு போவார். ஆனால் தகரத்தைக் கிழித்த மாதிரி தனியாகத் தெரியும், எத்தனை சத்தத்திலும் அமுங்காது.

பில் வார்ட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மனிதர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், நேராக அடிக்காமல் ஊஞ்சலாட்டி அடிப்பார். லய ஞானம் உள்ளவர்கள் அவரைத் தனியாகக் கவனியுங்கள்.

ரதவீதி_ராஜா

கோபப்படாமல் கேளுங்கள். மேடையில் வௌவால் தலையைக் கடித்த ஆளுக்கு நம்ம ஊரில் எதுக்கு அஞ்சலி? இங்கே ஒரு நாதஸ்வரக்காரர் செத்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பதில்லை. பர்மிங்காம்காரனுக்கு மட்டும் மொட்டை மாடியில் கூட்டமா?

டவுண்_தவில்வீடு

ராஜா, நாதஸ்வரக்காரர் செத்தால் நாலு பேர் வருவதில்லை என்பது சத்தியமான உண்மை. அந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் ஓஸி இல்லையே? எங்கள் வீட்டுக் கல்யாணத்திலேயே செண்டை மேளம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள், அதைப் பற்றித் தனியாக ஒரு இழை ஆரம்பியுங்கள், முதல் ஆளாக வந்து கத்துகிறேன்.

வௌவால் கதை 1982 ஜனவரியில், அமெரிக்காவில் டெ மாய்ன் என்ற ஊரில் நடந்தது. கூட்டத்திலிருந்து ஒருவன் வீசினான், ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்தேன் என்பது ஓஸி சொன்னது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசி போட்டார்கள். ஐம்பது வருடப் பாட்டில் அந்த ஒரு ராத்திரி மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

விகேபுரம்_மில்காரர்_மகன்

நல்ல இழை. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அதனால் அண்ணாச்சி என்று கூப்பிடலாம், பரவாயில்லை.

பாபநாசம் போகிற வழியில் எங்கள் வி.கே.புரம். அப்பா மில்லில் ஸ்பின்னிங். ஊரே சங்குச் சத்தத்துக்குத்தான் எழுந்தது, சாப்பிட்டது, தூங்கியது. மெஷின் ஓடுகிற இடத்தில் பேசிப் பேசி அப்பாவுக்கு வீட்டிலும் மெதுவாகப் பேச வராது, அம்மா பக்கத்தில் நின்றாலும் கத்துவார், காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அத்தான் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து கப்பலுக்குப் போனவர், ஒரு தடவை லீவில் வரும்போது ஒரு கேசட் கொண்டுவந்தார். வெள்ளை அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் பாட்டுப் பெயர் மட்டும் எழுதியிருக்கும், பாடினவன் பெயர் கிடையாது. ஒரு பக்கம் முடிகிற இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துவிடும். அந்தப் பாட்டு எப்படி முடியும் என்று எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர் சென்டர் வந்த பிறகுதான்.

முதல் தடவை போட்டபோது அப்பா திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இவனுக மில்லுல வேல பார்த்தவனுகளால?" என்றார். அவர் கிண்டலாகக் கேட்டாரா நிஜமாகக் கேட்டாரா தெரியவில்லை, ஆனால் ஆள் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். ஓஸி வளர்ந்தது பர்மிங்காமில் ஆஸ்டன் என்கிற தொழிலாளர் பகுதி. இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பிள்ளைகள். எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத குறைபாடு, பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டாச்சு. கசாப்புக் கூடத்தில் வேலை. அவர் அம்மா வேலை பார்த்த தொழிற்சாலையில் கார் ஹாரனைச் சுருதி பார்த்து முடுக்குகிற வேலையும் கொஞ்ச நாள் பார்த்திருக்கிறார், ஒரு அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஹாரன் அடித்துக் கேட்க வேண்டும், நினைத்துப் பாருங்கள். திருட்டுக் கேசில் அபராதம் கட்டப் பணமில்லாமல் சில வாரம் ஜெயிலிலும் இருந்தார். அபராதத்தைக் கட்டாத அதே அப்பாதான் பிறகு கடன்பட்டு மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கிக் கொடுத்தார். சொந்த மைக் செட் இருக்கிறவனைக் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள், ஐயோமியோடு சேர்ந்தது அப்படித்தான். இதில் எனக்குப் பிடித்தது, வில்லா பார்க் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கால்பந்துப் பந்தயம் நடக்கிற நாளில் வருகிறவர்கள் காரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சில்லறை வாங்கின பையன், கடைசிக் கச்சேரியை அந்த மைதானத்துக்குள்ளேயே நாற்பதாயிரம் பேருக்கு நடுவில் பாடி முடித்தான்.

முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவு செய்தது, 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை வெளிவந்தது. பத்திரிகைக்காரர்கள் அப்போது அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். வாங்கிக் கேட்டது தொழிற்சாலைப் பையன்கள்தான். அன்றைக்கு வானொலியில் எல்லாம் பூ, சமாதானம், காதல் என்று பாடிக்கொண்டிருந்தார்கள், ஷிஃப்ட் முடிந்து கையில் கிரீஸோடு வருகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது?

"வார் பிக்ஸ்" பாட்டைக் கண்டிப்பாகப் போடுங்கள். வியட்நாம் போர்க் காலத்தில் எழுதியது. போரை அறிவிக்கிறவன் உள்ளே உட்கார்ந்திருப்பான், சாகிறது ஏழை வீட்டுப் பிள்ளை என்பதுதான் சங்கதி. அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். சாத்தானைக் கும்பிடுகிற பாட்டு இல்லை, சாத்தான் யார் என்று கைகாட்டுகிற பாட்டு.

ஜூலை 30 இறுதி ஊர்வலத்தை யாராவது பார்த்தீர்களா? பிராட் ஸ்ட்ரீட் முழுக்கக் கூட்டம். முன்னால் ஒரு பித்தளை வாத்தியக் குழு சப்பாத் பாட்டை வாசித்துக்கொண்டே போகிறது, பின்னால் சவ வண்டி. பிளாக் சப்பாத் பெயரிலேயே ஒரு பாலம் இருக்கிறது, அங்கே வண்டியை நிறுத்தி, மனைவியும் பிள்ளைகளும் இறங்கிப் பூ வைத்தார்கள். நம்ம ஊரில் பெரிய சாவுக்கு மேளம் வைத்துத்தானே எடுப்போம், எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை.

தாழையூத்து_மலர்

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், கூட்டத்தைக் கெடுக்க வந்தவள் என்று நினைக்க வேண்டாம். நானும் ரசிகைதான். காலேஜ் ஹாஸ்டலில் ஒரு இயர்போனை இரண்டு பேர் பங்குபோட்டு மெட்டாலிகா கேட்டு ஆரம்பித்தவள், 2011 அக்டோபர் 30 பெங்களூர் மெட்டாலிகா கச்சேரிக்கு வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனவள். மெட்டாலிகாவைப் பிடித்தால் எப்படியும் சப்பாத்தில் வந்து நிற்போம், 2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சப்பாத்தைச் சேர்த்தபோது மேடையில் பேசி வரவேற்றதே மெட்டாலிகாக்காரர்கள்தான்.

ஆனால் அஞ்சலி என்று உட்கார்ந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். 1989இல் போதையில் மனைவி ஷாரனின் கழுத்தை நெரித்துக் கைதானவர் ஓஸி. ஷாரன் வழக்கை மேலே கொண்டுபோகவில்லை, பிறகு மாதக்கணக்கில் சிகிச்சை. வேடிக்கைக் கதை சொல்கிற மாதிரி வௌவாலைக் கடித்தார், புறாவைக் கடித்தார் என்று ஆரம்பித்து, இதை மட்டும் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். குடிகாரப் புருஷனைச் சமாளிக்கிற பெண்கள் நம் தெருவில் எத்தனை பேர், அவர்கள் யாரும் இதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். 1979இல் குடியும் போதையும் தாங்காமல் சப்பாத்தே இவரை வெளியே அனுப்பியது. அறையில் அடைந்து கிடந்தவரைத் தூக்கி நிறுத்தி, தனிப் பாடகராக்கி, வியாபாரத்தை நடத்தியது ஷாரன். ஓஸிக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் அந்த அம்மாவுக்கும் ஒன்று ஏற்றுங்கள்.

ரேண்டி ரோட்ஸை மறந்துவிடாதீர்கள். 1980இல் வந்த தனி ஆல்பத்தில் கிட்டார் அவர்தான், "கிரேசி டிரெய்ன்" வாசித்த கை. 1982 மார்ச் 19 ஃபுளோரிடாவில் சின்ன விமானம் விழுந்து இறந்துபோனார், 25 வயது. முதல் தடவை கேட்கிற பையன்களுக்கு சப்பாத்தை விட "கிரேசி டிரெய்ன்" சுலபமாக ஏறும். அப்புறம் "மாமா, ஐம் கமிங் ஹோம்". வில்லா பார்க்கில் அதைப் பாடும்போது அவருக்குக் குரல் உடைந்தது, சுருதி விலகியது, கூட்டமே பாடி முடித்தது. கிட்டார் தம்பி, உங்கள் அம்மா மாடிக்கு வந்தால் அந்த நேரத்தில் அதைப் போடுங்கள்.

நான் வருகிறேன். ஒரு தோழியும் வருவாள். எட்டு மணிக்குள் முடித்தால் நல்லது.

முருகன்குறிச்சி_கிட்டார்

இவ்வளவு பேர் வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மலர் அக்கா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

அம்மாவிடம் பேசினேன். அண்ணாச்சி சொன்ன போர்ப் பாட்டு விஷயத்தைச் சொன்னேன், பெரிதாக எடுபடவில்லை, "ஏழைப் பிள்ள சாகுறத இவன் வந்துதான் சொல்லணுமாக்கும்" என்றார். அப்புறம் கீசர் பட்லர்தான் பெரும்பாலும் பாட்டு எழுதினார், அவர் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர் என்றேன். கத்தோலிக்கர் என்றதும் அம்மாவின் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) முகம் இன்னும் சுருங்கியது! கடைசியில் ஒரு விஷயம் வேலை செய்தது. நால்வர் கழுத்திலும் தொங்குமே சிலுவை, அதை ஓஸியின் அப்பா தான் வேலை பார்த்த இடத்தில் அலுமினியத்தில் செய்து கொடுத்தார். பழைய போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அப்பன் செஞ்சு குடுத்ததா" என்று மட்டும் கேட்டார்.

சரி என்றுவிட்டார், ஆனால் ஒரு நிபந்தனை. ஓய்வுநாளில் சப்பாத் கூடாதாம். அதனால் கூட்டம் சனிக்கிழமைக்கு மாறுகிறது, சாயங்காலம் ஐந்தரை மணி. எல்லாருக்கும் சரிதானே?

தவில் அண்ணனிடம் ஒரு கேள்வி. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, மழையும் மணியோசையும் வந்து அப்புறம் மூன்று ஸ்வரம் விழுமே, "பிளாக் சப்பாத்" என்றே பெயர், அதைப் போடலாமா? பாடகர் குழுவில் ஒரு பையன் அது சாத்தானின் ஸ்வரம் என்று யூடியூபில் பார்த்துவிட்டு வந்து பயமுறுத்துகிறான்.

டவுண்_தவில்வீடு

சனிக்கிழமை சரி, அன்றைக்குக் கச்சேரி இல்லை.

அந்தப் பாட்டுதான் முதலில் போட வேண்டும். நேற்று அண்ணனை நாதஸ்வரத்தோடு உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம், அவ்வளவுதான். ஐரோப்பாவில் அந்த இடைவெளிக்குச் சாத்தான் பெயரை வைத்துவிட்டார்கள். நமக்கு அது கல்யாணியில் இருக்கிற மத்யமம், எத்தனை மாப்பிள்ளைகளை அந்த ஸ்வரத்தை வாசித்து அழைத்து வந்திருப்போம், எவனுக்கும் பேய் பிடிக்கவில்லை, அதன் பிறகு நடந்தது வேறு விஷயம். கல்யாணியில் காந்தாரமும் பஞ்சமமும் பக்கத்தில் நின்று அந்த மத்யமத்தைத் தாங்கும். ஐயோமி துணைக்கு யாரையும் விடாமல், அதைத் தனியாக நிறுத்தி, அசைத்து அசைத்து, மெதுவாக வாசிக்கிறார், அந்த அனாதரவில்தான் பயம் இருக்கிறது. அந்தப் பையனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், அண்ணன் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுவார்.

என் வரிசை: முதலில் அது, பிறகு "வார் பிக்ஸ்", "அயன் மேன்", அப்புறம் மலர் சொன்ன இரண்டு, கடைசியில் "பாரனாய்டு", வில்லா பார்க்கிலும் அதில்தான் முடித்தார்கள். ஆல்பத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது என்று அரை மணி நேரத்துக்குள் எழுதிய பாட்டு அது. நடுவில் யாராவது கேட்டால் "ஆஃப்டர் ஃபாரெவர்" போடலாம், தேவனைப் பற்றிய பாட்டு, பாடகர் குழுவுக்குச் சௌகரியமாக இருக்கும்.

ரதவீதி_ராஜா

நாதஸ்வரத்தில் சப்பாத் என்றால் நானும் வருகிறேன். கிண்டல் பண்ண மாட்டேன், டீச் செலவு என்னுடையது.

விகேபுரம்_மில்காரர்_மகன்

அந்த கேசட்டைக் கொண்டுவருகிறேன், டேப் ரெக்கார்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், என்னுடையதில் பெல்ட் போய்விட்டது. வி.கே.புரம் திரும்ப பஸ் பிடிக்க வேண்டும், அதனால் எட்டு மணிக்கு முடிப்பதில் மலர் கட்சிதான் நான். ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை, மொட்டை மாடியில் மெழுகுவர்த்தி நிற்காது தம்பி, அரிக்கேன் விளக்கு இருந்தால் எடுத்து வையுங்கள்.